காய்ச்சலும் பாய்ச்சலும்: ஊர் கூடிச் செய்வோம்

(உழவர் பயிற்சிக் கூட்டத்தில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கும் என்று நம்பி நாற்று விட்ட காலம் உண்டு. ஆனால் 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்நாளில் அணை திறக்கவில்லை. 2022-ல் மே 24-லேயே திறந்தது. 2024-ல் ஜூலை 28 ஆயிற்று. இதற்கு ஆற்றுநீர்ப் பங்கீடும் ஒரு காரணம். எனினும் உலகம் வெப்பமடைய வெப்பமடைய, மழை சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிட்டு நீண்ட இடைவெளி விடும் போக்கு கூடும் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. நாள் தவறி வரும் தண்ணீரைக் கொண்டு பயிர் செய்ய நாம் பழக வேண்டும்.

இம்மாற்றத்தில் நெல் வயலுக்கும் பங்குண்டு. நீர் தேங்கிய சேற்றில் காற்று புகாது. அங்குள்ள நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை வெளிவிடுகின்றன. நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, இது கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தை ஏற்படுத்தும்.

தண்ணீரை மிச்சப்படுத்தி மீத்தேனையும் குறைப்பது காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறை. 30 செ.மீ. நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு, அப்பாதியை வயலில் புதைத்து, உள்ளிருக்கும் மண்ணை அகற்றிவிடவும். நட்டு இரண்டு வாரம் வரை, களை அடங்க, நீர் நிறுத்தவும். பின்னர் குழாயினுள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சவும். பூக்கும் தருணத்துக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் காயவிடக் கூடாது. உவர் நிலங்களுக்கு இம்முறை ஏற்றதல்ல. முறையாகச் செய்தால் மகசூல் குறையாமல் 30 சதவீதம் வரை நீர் மிச்சமாகும்.

இதை நான் ஒரு கடைமடைக் கிராமத்தில் விளக்கியபோது பெரியவர் ஒருவர் கேட்டார்: "சார், நான் காயப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கேன். அடுத்த முறைத் தண்ணி வராம போனா நீங்களா வந்து ஊத்துவீங்க?" என்னால் பதில் சொல்ல இயலவில்லை. ஒரு வயலை மட்டும் பார்த்தேனே தவிர, வாய்க்காலைப் பார்க்கத் தவறினேன்.

அடுத்த முறை நிச்சயம் என்றால்தான் எவரும் துணிந்து வயலைக் காயவிடுவார். நிச்சயமில்லாதபோது தலைமடைக்காரர் வரப்பு வரை நிரப்பிக்கொள்வார், கடைமடை காய்ந்துபோகும். ஆகவே குழாய் பதிக்கும் முன்பே, ஒரே மதகில் பாயும் அனைவரும் கூடி, நடவு நாளையும் முறை நாளையும் பேசி முடிவு செய்யுங்கள். வாய்க்காலைச் சேர்ந்து தூர்வாருங்கள். தலைமடையில் ஒன்று, கடைமடையில் ஒன்று எனக் குழாய் பதித்து, இரண்டையும் பார்த்தே மடை திறக்க ஒருவரை அமர்த்துங்கள்.

பருவம் தவறுவதைத் தனி ஒருவர் தடுக்க முடியாது. வரும் தண்ணீரைப் பகிர்ந்துகொள்ள ஓர் ஊரால் முடியும். வரும் பருவத்தில் ஒரு மதகிலாவது இதைச் செய்து பார்த்துப் பயனடைய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.