அல்சருக்கு கேஸ் மாத்திரை மட்டும் போதுமா?

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை, பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக இருந்தவன். அல்சர் பற்றிப் பேச எனக்குள்ள ஒரே தகுதி, அது எனக்கு வந்ததுதான்.

கவுண்டரில் கூட்டம் குறைந்த பிறகுதான் சாப்பாடு. மூன்று மணி ஆகிவிடும். வயிறு எரிந்தால் மருந்துக்கடையில் ஒரு கேஸ் மாத்திரை. இப்படியே பன்னிரண்டு வருஷம் ஓட்டினேன். ஆசிட்தான் எதிரி என்று நினைத்தேன்.

ஆனால் ஆசிட் தானாகச் சுரப்பதில்லை. சாப்பாடு இறங்கியதும் இரைப்பையின் கீழ்ப்பகுதி கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அது சுற்றி வந்து மேல்பகுதியில் ஆசிட்டைச் சுரக்க வைக்கிறது. போதுமான அளவு ஆனதும் சொமடோஸ்டேட்டின் என்ற இன்னொரு ஹார்மோன் அதை நிறுத்துகிறது. புளித்த உணவு சிறுகுடலுக்குப் போனால் செக்ரட்டின் கிளம்பி, கணையத்திலிருந்து சோடா உப்பு நீரை வரவழைக்கிறது. 1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் முதலில் கண்டுபிடித்தது இந்தச் செக்ரட்டினைத்தான். குடலுக்குப் போகும் நரம்பை அறுத்த பிறகும் கணையம் சுரந்ததாம்! சேதி ரத்தம் வழியாகப் போகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

தென்னிந்தியாவில் அல்சர் அந்தக் காலத்திலேயே அதிகம். 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சாமர்வெல், கன்னியாகுமரி மாவட்டம் நெய்யூரில் அல்சர் ஆபரேஷன்கள் ஏராளமாகச் செய்தவர். இரைப்பையைச் சிறுகுடலோடு புதிதாக இணைத்துத் தைப்பார்கள். என் தகப்பனாருக்கும் வேறொரு ஊரில் அதே ஆபரேஷன்தான். அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது.

ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமிதான் பெரும்பாலான அல்சருக்குக் காரணம் என்று கண்டவர்கள் ஆஸ்திரேலியாவின் மார்ஷலும் வாரனும். 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இந்தக் கிருமி குடியேறினால் நிறுத்தும் ஹார்மோன் குறைகிறது, கேஸ்ட்ரின் கூடுகிறது. நம் கேஸ் மாத்திரை ஆசிட்டைத்தான் அடக்கும்; கிருமி அப்படியே இருக்கும்.

ரிட்டயரான பிறகு முட்டிவலிக்கு நானாகவே வலி மாத்திரை சாப்பிட்டேன். அதுவும் புண்ணாக்கும். ஒருநாள் மலம் தார் போலக் கறுப்பாகப் போனது. இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மாடிப்படியில் தலைசுற்றி உட்கார்ந்ததும்தான் வீட்டில் விஷயம் தெரிந்தது. எண்டோஸ்கோப்பியில் ரத்தம் கசியும் புண், கூடவே அந்தக் கிருமி. பதினான்கு நாள் ஆன்டிபயாட்டிக். நாலாம் நாளே வயிறு நன்றாகிவிட்டது. நிறுத்திவிடலாமா என்று தோன்றியது, வீட்டுக்காரி விடவில்லை.

வருஷக்கணக்கில் கேஸ் மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரிடம் இந்தக் கிருமிக்கான பரிசோதனையைக் கேளுங்கள். மூச்சுப் பரிசோதனை என்றால், எத்தனை நாள் முன்பே கேஸ் மாத்திரையை நிறுத்த வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தனியாகப் போகத் தயக்கமா? சொல்லுங்கள், ஜிப்மருக்கு நானும் வருகிறேன். காலையிலேயே கிளம்பிவிட வேண்டும்.