பல் முளைக்கும் பருவமும் பெற்றோர் கவலையும்

(பொழிச்சலூரில் நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் கற்பிக்கும் பண்டிதனுக்குக் குழந்தையின் வாயில் என்ன வேலை என்று சிலர் நகைத்தல் கூடும். நம் உறவினருள் முதற்பிள்ளை பெற்றோர் மூவர் அண்மையில் தனித்தனியே வந்து ஒரே குறையைக் கூறினர். “பிள்ளை எதைக் கண்டாலும் வாயிலிடுகிறது, எச்சில் ஓயாது வடிகிறது, தன் கையையே கடிக்கிறது, இது நோயோ?” என்பதே அக்குறை. விமான நிலையத்தை அடுத்த இவ்வூரில் வாடகைக்குக் குடியேறிய இளந்தம்பதியர் பலர்க்குப் பாட்டிமார் துணை அருகில் இல்லை. ஆதலின் இதனைப் பேசத் துணிந்தோம்.

வாயிலிடுதல் நோயன்று. பெரியாழ்வார் கண்ணன் திருமேனியைப் பாதம் முதலாகப் பாடத் தொடங்குங்கால், கால்விரலை வாயிலிட்டுச் சுவைக்கும் குழவியையே முதற்கண் காட்டுகின்றார். அவன் மண்ணையுண்ட கதையை அறியாதார் யார்? மூன்று நான்கு திங்களிலேயே, பல்லுக்கு முன்னரே, குழவி பொருள்களின் வடிவையும் வன்மை மென்மையையும் வாயால் அறியத் தொடங்குகின்றது. அதனை அதட்டித் தடுத்தல் வீண்.

பல் பெரும்பாலும் ஆறாம் திங்களை ஒட்டிக் கீழ் ஈற்றில் இரண்டாக முளைக்கும். நான்கில் முளைப்பதும் உண்டு. ஆண்டு நிறைவில் முளைப்பதும் உண்டு. மூன்றாம் வயதளவில் பாற்பற்கள் 20-உம் நிறையும். மேற்பல் முந்தினால் தாய்மாமனுக்கு ஆகாதென்று ஒரு பேச்சு நம்மவரிடையே இன்னும் வழங்குகின்றது; அதனால் பெற்றவள் முகம் வாடுவதையும் கண்டுள்ளோம். நம் தங்கையின் மூத்த மகனுக்கு மேற்பல்லே முந்திற்று. அவன் இப்போது கல்லூரியிற் பயில்கின்றான். அவன் மாமனாகிய யாம் உங்கள் முன் நின்று பேசுகின்றோம்.

இனி, யாம் சொல்ல வந்த செய்திக்கு வருகின்றோம். பல் முளைக்கும்போது பேதியும் காய்ச்சலும் வருதல் இயல்பு, தானே நிற்கும் என்னும் நம்பிக்கை பெருந்தீங்கானது. சில ஆண்டுகட்கு முன் நமக்கு நெருங்கிய வீடொன்றில் எட்டுத் திங்கட் பெண்குழந்தைக்குப் பேதி கண்டது. “பல்லுக்குத்தான்” என்றனர் எல்லோரும். அவ்வாறு சொன்னவருள் யாமும் இருந்தோம் என்பதை நாணத்தோடு ஒப்புகின்றோம். மூன்றாம் நாள் கண் குழிந்தது. அழுதால் நீர் வரவில்லை. பின்னர் அழுகையும் நின்றது. ஆட்டோவில் மருத்துவமனைக்கு ஓடினோம். நரம்பின் வழியே நீரேற்றிப் பிழைப்பித்தனர். மருத்துவர் விளக்கைப் பிடித்து வாயைத் திறந்து காட்டினார். பல்லின் சுவடே அங்கு இல்லை.

காரணம் யாதெனில், தாயின் கருவிற் பெற்ற நோய்த்தடுப்பு ஆற்றல் ஆறாம் திங்களளவில் குறைகின்றது. அப்போதே தவழுதலும் தொடங்குகின்றது. தரையிலுள்ளவை யாவும் வாய்க்குச் செல்கின்றன. தாய்ப்பாலோடு பிற உணவும் நீரும் சேர்கின்றன. கிருமி புகுகின்றது, பழி பல்லின்மேல் விழுகின்றது. பல்லால் உடற்சூடு சற்றே மிகலாம், 100.4 பாகைக்கு மேற்படின் அது வேறு நோயின் குறி.

பேதி கண்டவுடன் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பொட்டலம் இலவசமாகவே கிடைக்கும். ஒரு லிட்டருக்குரிய பொட்டலத்தைக் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் முழுதும் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டுக. தாய்ப்பாலை நிறுத்தற்க. ஆறு மணி நேரம் சிறுநீர் கழியாவிடினும், மலத்தில் குருதி காணினும், குழந்தை துவளினும் மருத்துவரிடம் உடனே செல்க.

இம்மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலும் பல்லுக்கென்று கலோமல் என்னும் பாதரசப் பொடியைக் குழந்தைகட்குக் கொடுத்து வந்தனர். கைகால் சிவந்து வருத்தும் ஒரு நோய் அதனால் வந்ததென்று தெளிந்த பின்னரே, 1954-இல் அப்பொடிகளிலிருந்து பாதரசம் நீக்கப்பட்டது. இன்றும் ஈற்றை மரக்கச் செய்யும் பென்சோகெயின் களிம்பு விற்பனைக்கு வருகின்றது. அது குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கக்கூடும் என்பதால், இரண்டு வயதிற்குட்பட்டோர்க்குப் பல் நோவுக்கென்று அதனைத் தடவலாகாதென்று அமெரிக்க மருந்துத் துறை 2018-இல் எச்சரித்தது. ஓராண்டு நிறையாத குழவியின் ஈற்றில் தேன் தடவுதலும் ஆகாது. கழுவிய விரலால் ஈற்றை மெல்லத் தேய்த்தலும், குளிர்ந்த தூய ஈரத்துணியைக் கடிக்கக் கொடுத்தலும் போதும்.

பாட்டிமார் சினவற்க, ‘பிள்ளை வளர்ப்பான்’ என நாம் போற்றும் வசம்பையும் ஈண்டுச் சொல்லவேண்டும். அதன் வளையத்தைக் கையிற் கட்டினால் குழவி நாள் முழுதும் சூப்பும். வசம்பெண்ணெய் விலங்குகட்குப் புற்றுநோய் விளைத்தமை கண்டு, 1968-இல் வசம்பை உணவிற் சேர்த்தலை அமெரிக்கா தடுத்தது. கையிற் கட்டாதிருத்தலே நன்று. பல்லுக் கொழுக்கட்டைச் சடங்கு இனியது, நடத்துக. கொழுக்கட்டையைக் குழந்தை வாயில் மட்டும் இடற்க. நாணயம், வேர்க்கடலை, பொத்தான் போன்ற சிறு பேட்டரி ஆகியவற்றைத் தரையில் விடற்க. அப்பேட்டரி உணவுக்குழாயில் சிக்கின் இரண்டு மணி நேரத்திலேயே சுட்டுப் புண்ணாக்கும். விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பார்த்து வாங்குக.

விரல் சூப்புதல் பற்றி ஓர் அம்மையார் சீட்டெழுதிக் கேட்டுள்ளார். அது பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வயதிற்குள் தானே நின்றுவிடும். வேப்பெண்ணெய் தடவ வேண்டா. நிலைப்பற்கள் முளைக்கும் வயதிலும் தொடர்ந்தால் பல் மருத்துவரிடம் காட்டுக.