பழியை கெர்னல் மேல போட்டேன்

போன எபிசோட் ஏன் ரெண்டு நாள் லேட்டுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அந்தக் கதையையே இன்னைக்குச் சொல்லிடுறேன்.

நான் எடிட் பண்றது லினக்ஸ் லேப்டாப்பில். உள்ளே இருக்கிறது ஏஎம்டி ரைசன் ப்ராசசர். வெள்ளிக்கிழமை ராத்திரி கெர்னலை 6.2-லிருந்து 6.5-க்கு அப்டேட் பண்ணினேன். சனிக்கிழமை காலையில் எக்ஸ்போர்ட் கொடுத்தா, 5 நிமிஷத்தில் முடியுற வேலை அரை மணி நேரமாகியும் முடியலை. 4 கிகாஹெர்ட்ஸ் வரை போற சிப், 400 மெகாஹெர்ட்ஸில் நிக்குது.

உடனே கவர்னரைப் பாத்தேன். வேகத்தை எப்போ ஏத்தணும், எப்போ இறக்கணும் என்ற கொள்கைக்குத்தான் கவர்னர்னு பேர். முன்னாடி 'ஷெட்யூட்டில்' இருந்த இடத்தில் இப்போ 'பவர்சேவ்'. ஆள் சிக்கிட்டான்னு நினைச்சு 'பெர்ஃபார்மன்ஸ்'னு மாத்தினேன். வேகம் அசையவே இல்லை.

அப்புறம்தான் டிரைவரைப் பாத்தேன். பழைய கெர்னலில் 'ஏசிபிஐ சிபியுஃப்ரீக்' இருந்துச்சு. புதுசில் 'ஏஎம்டி பிஸ்டேட்'. இது 2022-ல் 5.17 கெர்னலோடு வந்தது. 2023-ல் வந்த 6.5 முதல், ஆதரவு உள்ள ரைசன்களில் இதன் ஆக்டிவ் முறைதான் டீஃபால்ட். அந்த முறையில் வேகத்தைச் சிப்பே தீர்மானிக்கும். நாம விருப்பத்தை மட்டும் சொல்லலாம். அதனால பட்டியலில் பெர்ஃபார்மன்ஸ், பவர்சேவ்னு ரெண்டே கவர்னர். பழைய டிரைவரில் பவர்சேவ் என்றால் இருக்கிறதிலேயே குறைந்த வேகம். இங்கே அப்படி இல்லை, வேலை வந்தா வேகம் ஏறும். பேர் ஒண்ணு, அர்த்தம் வேற.

அப்போ என் சிப் ஏன் ஏறலை? கெர்னல் ஆப்ஷன்களை மாத்தி மாத்தி ரீபூட் பண்ணியே ரெண்டு நாள் போச்சு. கோபமா ஒரு பக் ரிப்போர்ட்கூட எழுதி வெச்சிருந்தேன்.

ஞாயிறு ராத்திரி, கடைசி முயற்சியா, பூட் மெனுவில் பழைய 6.2 கெர்னலையே தேர்ந்தெடுத்தேன். அங்கேயும் அதே ஆமை வேகம்! அப்போ குற்றவாளி கெர்னல் இல்லை.

வேற என்ன மாறுச்சு? மேஜையைப் பாத்தேன். சார்ஜர்! என்னுடைய 65 வாட் சார்ஜரை வெள்ளிக்கிழமை ஆபீஸ்லயே மறந்துட்டு, ரூம்மேட்டோட 45 வாட் சார்ஜரைப் போட்டிருந்தேன். சார்ஜரின் சக்தி போதலைன்னா, பல லேப்டாப்களில் ஃபர்ம்வேரே ப்ராசசரின் வேகத்தை அமுக்கிடும். கெர்னலில் எதை மாத்தினாலும் அதை மீற முடியாது. சார்ஜரைப் பிடுங்கினேன். பேட்டரியிலேயே 5 நிமிஷத்தில் எக்ஸ்போர்ட் முடிஞ்சது.

உங்களுக்கும் இப்படி ஆச்சுன்னா, முதல்ல பழைய கெர்னலில் பூட் பண்ணிப் பாருங்க. அங்கே வேகம் சரியா இருந்தா, டிரைவர் பேரைப் பாருங்க, அப்புறம் கவர்னர். சும்மா இருக்கிறப்போ வேகம் குறைவா இருக்கிறது நல்லதுதான். வேலை கொடுத்துட்டு அளந்து பாருங்க. பழைய கெர்னலிலும் மெதுவா இருந்தா, சார்ஜரைப் பாருங்க.

அந்த பக் ரிப்போர்ட்டை அழிச்சிட்டேன். அடுத்த வாரம் நேரத்துக்கு வந்துடுறேன்.