காரியஸ்தர் வழிக் குடிக்கூலி

(சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

வீட்டுக்குடையவர் கடல் கடந்து வாழ, அவர் பொருட்டு ஒரு காரியஸ்தரோ கம்பெனியோ குடிக்கூலி தண்டுதல் இந்நாளிற் சென்னையிற் பெருவழக்காயிற்று. நம் இளைஞருட் சிலர் உடையவர் முகத்தைக் கண்டதேயில்லை. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைபெறும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் இவரைச் 'சொத்து மேலாளர்' என்னும். காரியஸ்தர் என்னும் பழஞ்சொல்லே எமக்கு இனிது.

இவரது அதிகாரம் உடையவர் கொடுத்தது; தாமே கொண்டதன்று. ஆதலின் இவர் பெயரையும், அதிகாரம் அளித்தமைக்குச் சான்றையும், அஃது எக்காரியங்களுக்கு, எத்துணைக் காலத்துக்கு என்பதையும் உடையவர் குடியிருப்போர்க்கு அறிவித்தல் வேண்டும் என்பது சட்டம். இக்காலவரையறையையே நம்மவர் கேளாது விடுகின்றனர். மார்கழியில் அதிகாரம் முடிந்திருக்க, அஃதறியாது தையிலும் மாசியிலும் இவர் கையிற் பணங் கொடுத்தால், உடையவர் "எமக்கு வரவில்லை" என்பார். பின்னர் அலைபவர் யார்? இவர் ரசீது கொடுத்தே வாடகை பெறற்குரியர். உடையவர் பெயரும் அதிற் காணப்படுமாறு கேளுங்கள்.

முன்பணம், வேறு உடன்பாடில்லாவிடத்து, மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. அதனைத் திருப்பித் தருபவர் யாவர் என்பதை உடன்படிக்கையில் எழுதுவித்து, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வியுங்கள்.

பிணக்கு நேர்ந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்த உடையவர்க்கும் உரிமையில்லை, காரியஸ்தர்க்கும் இல்லை. நிறுத்துவாராயின் அவ்வதிகாரியிடமே முறையிடலாம்.

உடன்படிக்கையை வாசித்துப் பொருள் அறிய விரும்புவோர் ஞாயிறு காலையிற் சங்க நூல்நிலையத்துக்கு அதனைக் கொண்டு வருக. கையொப்பம் இடுமுன் வருக.