தலையால் வென்றவர்கள்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கால்பந்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் ஐயுறலாம். மாலையில் மைதானத்தை நிறைக்கும் பிள்ளைகளே காலையில் வகுப்பறையில் அமர்கிறார்கள். ஆதலின் அவர்கள் விரும்பும் ஆட்டத்தைக் கொண்டே சில கருத்துகளைச் சொல்ல விழைகிறேன்.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் 1878-ஆம் ஆண்டு தோன்றிய எவர்ட்டன் கழகம், பந்தைத் தலையால் முட்டிக் கோல் அடிப்பதில் வல்ல பலரைப் பெற்றது. அவர்களுள் முதல்வர் வில்லியம் டீன். 1926-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அவருடைய மண்டையோடும் தாடையும் முறிந்தன. இனி அவர் ஆடுவது அரிது என மருத்துவர்கள் அஞ்சினர். அவரோ சில மாதங்களில் மீண்டும் களம் புகுந்தார். 1927-28 பருவத்தில் 39 லீக் ஆட்டங்களில் 60 கோல்கள் அடித்தார். அறுபதாவது கோலை, 1928 மே 5 அன்று அர்செனல் அணிக்கெதிராகத் தலையால் முட்டியே அடித்தார். இங்கிலாந்தின் முதற் பிரிவில் அச்சாதனையை இன்றுவரை எவரும் கடக்கவில்லை.

அவரை உலகம் 'டிக்ஸி' என்றழைத்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களைக் குறிக்கும் அச்சொல்லில் நிறவேற்றுமையின் வாடை வீசுவதாக எண்ணி, அதனை அவர் வெறுத்தார். 'பில்' என்று அழைக்கப்படுவதையே விரும்பினார். பிறர் இட்ட பெயர்களைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த நமக்கு அந்த வேதனையை விளக்க வேண்டுவதில்லை.

டீனின் இடத்தை நிரப்பவே, பதினேழு வயது டாமி லாட்டன் கழகத்தில் சேர்க்கப்பட்டார். அதை அறிந்திருந்தும் டீன் அவ்விளைஞரை அரவணைத்துத் தம் கலையைக் கற்பித்தார். 1938-39-இல் எவர்ட்டன் மீண்டும் பட்டம் வென்றபோது, கோல் வேட்டையில் முன்னின்றவர் லாட்டனே. கற்றதை ஒளிக்காமல் அடுத்தவனுக்கு அளிப்பவனே ஆசான் அல்லவா?

2004-இல் அக்கழகத்தில் சேர்ந்த ஆஸ்திரேலியர் டிம் கேஹில், ஏறத்தாழ ஐந்தடி பத்தங்குல உயரமே உடையவர். தம்மினும் நெடியவர்களுக்கு மேலே எழும்பிப் பந்தை முட்டினார். பந்து வரும் வழியை முன்னரே கணித்து, உரிய நொடியில் தாவி, கண் மூடாது நெற்றியால் முட்டுவதே இக்கலை. உயரம் பிறப்பால் வருவது. இந்தத் திறனோ பயிற்சியால் வருவது.

இளைஞர்களே, ஓர் எச்சரிக்கையும் உண்டு. வேறொரு கழகத்தில் தலையாட்டத்தால் புகழ்பெற்ற ஜெஃப் ஆஸ்ட்ல் 2002-இல் மறைந்தார். பல்லாண்டுகள் பந்தை முட்டியதால் நேர்ந்த மூளைப் பாதிப்பே காரணம் என விசாரணையில் முடிவாயிற்று. முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மூளை நலிவு நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு மிகுதி என்று கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு 2019-இல் காட்டிற்று. அடுத்த ஆண்டே, பதினொரு வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்குப் பயிற்சியில் தலையாட்டம் வேண்டாம் என இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நெறி வகுத்தது. நம் மைதானத்திலும் இந்நெறியைக் கடைப்பிடிக்க வேண்டுகிறேன். ஒரு கோலுக்காகப் பிள்ளையின் மூளையைப் பணயம் வைத்தல் தகாது.

நம் முன்னோர் தலைகுனிந்து நிற்கப் பணிக்கப்பட்டனர். அவர்தம் பிள்ளைகள் தலைநிமிரவே இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக உழைக்கிறது. ஆடுங்கள், அத்தலையைக் காத்து, அதற்குக் கல்வியை ஊட்டுங்கள் என்று கூறி அமைகிறேன்.