முற்றத்துக்கு வந்த பள்ளி

மகாராஷ்டிரக் கடலோரத்தில் போர்டி என்றொரு ஊர். கிராமத்துக் குழந்தைகளுக்காக 1945-ல் தாராபாய் மோடக் அங்கே ஒரு பாலர் கல்வி மையம் தொடங்கினார். குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவோடு சேர்ந்து மாண்டிசோரி முறையைப் பழகியவர் அவர்.

அந்த முறைக்கு மர உருளைகள், மணிச்சரங்கள், தொட்டுப் பார்க்கும் பலகைகள் எல்லாம் வேண்டும். ஏழைக் கிராமம் அதற்கு எங்கே போகும்? தாராபாயும், உடன் உழைத்த அனுதாய் வாக்கும் சுற்றுப்புறத்தையே பார்த்தார்கள். கூழாங்கல், விதை, இலை, சிப்பி. எண்ணவும், இனம் பிரிக்கவும், தொட்டு உணரவும் இவை போதாதா?

அடுத்த சிக்கல் பெரிது. ஆதிவாசிப் பிள்ளைகள் பள்ளிக்கே வரவில்லை. வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மாடு மேய்க்க வேண்டும். பிள்ளைகள் வராவிட்டால் பள்ளி அவர்களிடம் போகட்டும் என்று இவர்கள் முடிவு செய்தார்கள். ஆசிரியை குடியிருப்பின் முற்றத்துக்கே போய்ப் பாட்டும் கதையும் விளையாட்டுமாகப் பாடம் நடத்தினார். அங்கன்வாடி என்ற எண்ணம் அப்படித்தான் உருவானது. பின்னாளில் கோஸ்பாட் என்ற இடத்தில், மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக மேய்ச்சல் வெளியிலேயே வகுப்பு நடந்தது.

பிள்ளையைக் குறை சொல்லாமல் பள்ளியை மாற்றினார்களே, அதுதான் என்னைக் கவர்கிறது. மூன்று வயதுக் குழந்தையை உட்கார வைத்து எழுதச் சொல்லும் இடங்கள் இன்றும் இருக்கின்றனவே!

தாராபாய் 1973-ல் மறைந்தார். இரண்டே ஆண்டுகளில், 1975 அக்டோபர் 2 அன்று, நாடு தழுவிய அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது.