எந்த நாளிலிருந்து எண்ணுகிறோம்?

(வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



நமது கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்துள்ள இவ்வேளையில், நாள்களையும் ஆண்டுகளையும் கணிப்பொறி எவ்வாறு எண்ணுகிறது என்பது பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறோம். நம் பிள்ளைகளின் பிறந்த தேதி, சாதிச் சான்றிதழ், உதவித்தொகை, வேலை விண்ணப்பம் ஆகிய யாவும் இன்று கணிப்பொறியின் வழியே செல்கின்றன. ஆதலின் இது நமக்கு அயலான செய்தியன்று.

நம் வீட்டுப் பெரியவர் ஒருவர், "தனுஷ்கோடிப் புயலுக்கு அடுத்த தையில் பிறந்தேன்" என்று கூறுவதாகக் கொள்வோம். அப்புயல் 1964 டிசம்பரில் வீசியது என்பதை அறிந்தவருக்கே அவ்விடை பயன்படும். கணிப்பொறியின் நிலையும் இதுவே. பெரும்பாலும் அது தேதியை நாம் எழுதுவதுபோல் வைத்துக்கொள்வதில்லை. ஏதேனும் ஒரு நாளைத் தொடக்கமாகக் கொண்டு, அதிலிருந்து கழிந்த நாள்களையோ நொடிகளையோ ஓர் எண்ணாகக் குறித்து வைக்கிறது. அத்தொடக்க நாளோ எல்லா அமைப்புகளுக்கும் ஒன்றன்று.

யூனிக்ஸ் என்னும் அமைப்பு 1970 ஜனவரி 1ஆம் நாளிலிருந்து நொடிகளை எண்ணுகிறது. விண்டோஸ் அமைப்பு 1601 ஜனவரி 1ஆம் நாளைத் தொடக்கமாகக் கொண்டது. நாம் பின்பற்றும் ஆங்கில நாள்காட்டியின் லீப் ஆண்டு முறை 400 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்புவது. 1601 அத்தகைய ஒரு சுற்றின் முதல் ஆண்டாகும். அலுவலகங்களில் பயன்படும் எக்செல் அட்டவணை 1900 ஜனவரி 1ஆம் நாளை ஒன்று என வைத்து எண்ணுகிறது.

அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான குழு வரைந்த அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த 1950 ஜனவரி 26ஆம் நாளை எடுத்துக்கொள்வோம். எக்செல் கணக்கில் அந்நாள் 18,289. விண்டோஸின் தொடக்கத்திலிருந்து அது 1,27,494 நாள்கள் கழிந்த நாள். யூனிக்ஸ் கணக்கிலோ, தொடக்கத்திற்கு 7,280 நாள்கள் முந்தியதாதலின் கழித்தல் குறியிட்ட எண்ணாக நிற்கும். நாள் ஒன்றே, எண்கள் மூன்று. ஆகவே எண்ணை மட்டும் அறிந்து பயனில்லை. அது எங்கிருந்து எண்ணப்பட்டது என்பதையும் அறிதல் வேண்டும்.

அறியாவிடின் என்ன நேரும்? எக்செல்லிலேயே இரு முறைகள் உள்ளன. மாக்கிண்டாஷ் கணிப்பொறிகளுக்காக 1904ஆம் ஆண்டிலிருந்து எண்ணும் முறையும் அதில் அமைந்தது. அதனை இன்றும் தெரிவு செய்ய இயலும். இரண்டிற்கும் இடையே 1,462 நாள்கள் வேறுபாடு. 18,289 என்னும் அதே எண்ணை 1904 முறையில் படித்தால், குடியரசு நாள் 1954 ஜனவரி 27 ஆகிவிடும். நான்கு ஆண்டும் ஒரு நாளும் தவறு! ஒரு மாணவனின் பிறந்த தேதி இவ்வாறு மாறினால், வயது வரம்பு காட்டி அவனது விண்ணப்பம் தள்ளப்படலாம் அன்றோ?

தவறும் சில வேளை மரபாகிவிடுகிறது. 1900 லீப் ஆண்டு அன்று. ஆயினும் லோட்டஸ் 1-2-3 என்னும் முந்திய மென்பொருள் அதனை லீப் ஆண்டு எனக் கொண்டது. அதனோடு ஒத்துப்போகும் பொருட்டு எக்செல்லும் அவ்வாறே கொண்டது. ஆகவே இல்லாத 1900 பிப்ரவரி 29 அதன் கணக்கில் இன்றும் 60ஆம் நாளாக இருக்கிறது.

எண்ணுவதற்கு இடம் போதாமற்போவதும் உண்டு. நம்மவர் வழங்கும் பிரபவ முதலான ஆண்டுப் பெயர்கள் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்புவன. பிரபவ என்று மட்டும் சொன்னால் 1927இல் தொடங்கியதா, 1987இல் தொடங்கியதா என்பது விளங்காது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் 1980 ஜனவரி 6 முதல் வாரங்களை எண்ணி வருகின்றன. 1,024 வாரங்கள் ஆனதும் அவ்வெண் மீண்டும் சுழியாகும். அவ்வாறு 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் நிகழ்ந்தது. யூனிக்ஸின் பழைய முறையில் நொடிக் கணக்கிற்குப் பிட் எனப்படும் 32 இடங்களே உண்டு. 2038 ஜனவரி 19 அன்று நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியோடு அது நிரம்பும். அடுத்த நொடியில் அத்தகைய கருவி 1901 டிசம்பருக்குப் பின்னோக்கிச் சென்றுவிடும். இதனைத் தவிர்க்கவே புதிய அமைப்புகள் 64 பிட்டுக்கு மாறியுள்ளன. மாற்றப்படாத பழைய கருவிகளைத் தேடித் திருத்தும் பணி இருக்கிறது. அப்பணிக்கு நம் இளைஞர்களும் தகுதி பெறவேண்டும்.

இளைஞர்களே, கணிப்பொறியில் பதிவு செய்யும் வேலைக்குச் செல்வோர் இவற்றை மனத்திற் கொள்ளுங்கள். ஆண்டினை நான்கு இலக்கத்தில் எழுதுங்கள். ஓர் இடத்து அட்டவணையை மற்றோர் இடத்திற்கு மாற்றியபின், சில தேதிகளையேனும் மூலப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். ஒருவரின் பிறந்த தேதி 1970 ஜனவரி 1 என வந்தால் சற்று நின்று பாருங்கள். அவர் அந்நாளில் பிறந்தவராகவும் இருக்கலாம். தேதியே பதியப்படாமல் சுழி அவ்வாறு தோன்றியதாகவும் இருக்கலாம். பெற்றோர்களே, பள்ளிப் பதிவேட்டிலும் பிறப்புச் சான்றிதழிலும் ஆதார் அட்டையிலும் பிள்ளையின் தேதி ஒன்றாக உள்ளதா என்று இன்றே பாருங்கள். பிறப்பைப் பதிய வழியின்றி, பள்ளியில் சேர்த்த ஆசிரியர் குறித்த தேதியையே வாழ்நாளெல்லாம் சுமந்த தலைமுறை நம்முடையது. அந்நிலை நம் பிள்ளைகளுக்கு வேண்டா.

இறுதியாக ஒன்று. தொடக்க நாள் இயற்கை விதித்ததன்று. மனிதர் தம் வசதிக்காக இட்டது. சங்கம் தோன்றிய நாளிலிருந்து நாமும் இருபத்தைந்து என எண்ணுகிறோம். அதற்கு முன் கூலி வேலை செய்தும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய நம் முன்னோரின் ஆண்டுகள் இவ்வெண்ணில் அடங்கவில்லை. அவற்றையும் சேர்த்து எண்ணுவோமாக. நம் சங்கம் பொன்விழாவும் காண்க என வாழ்த்தி அமைகிறோம்.